கலவை சுமந்த குருமார்கள்

மலர்க் குழுத் தம்பிகள் கட்டுரை கேட்டு வந்தபோதே ஒரு நிபந்தனை போட்டார்கள். "சார், நம்ம கல்லூரி வரலாறு வேண்டாம். அதை ஏற்கனவே நாலு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பத்தி மூணு கட்டுரை வந்திருக்கு. நீங்க வேற ஏதாவது எழுதுங்க." சரி என்று ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது மனதில் வந்து நின்றது ஒரு சுவர்.

என்னோடு படித்தவர்களுக்கு அந்தச் சுவர் நினைவிருக்கும். மூன்றாம் ஆண்டு என்.எஸ்.எஸ். முகாமில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டப் போனோம். பத்து நாள். பாண்டு தூக்கினோம், பாட்டுப் பாடினோம், மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். நாங்கள் பஸ் ஏறிய மறுநாளே உள்ளூர்க் கொத்தனார் அந்தச் சுவரைப் பிரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து கட்டினார் என்பது பின்னால்தான் தெரிந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருந்ததாம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்து நாளும் அந்த மனிதர் எங்கள் பக்கத்திலேயே திண்ணையில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படித்த பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தயக்கம். அவரிடம் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பல வருஷம் கழித்து ஐயோனா மடத்தைப் பழுது பார்த்த வரலாற்றைப் படித்தபோது அந்தக் கொத்தனார்தான் நினைவுக்கு வந்தார். அங்கேயும் படித்தவர்கள்தான் சுவர் கட்டப் போனார்கள். ஆனால் போகும்போதே கொத்தனாரையும் தச்சரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் சொன்னபடி கேட்டார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஐயோனா என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மல் என்ற பெரிய தீவின் கோடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தீவு. நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அகலம் அதில் பாதிகூட இல்லை. (பெயரைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு 'ஐயோ' என்று சிரிப்பு வரும். அந்தப் பெயரே ஒரு எழுத்துப்பிழையால் வந்தது. பழைய லத்தீன் ஏட்டில் 'ஐயோவா' என்று இருந்ததைப் படி எடுத்தவர்கள் ஒரு எழுத்தை மாற்றிப் படித்து 'ஐயோனா' ஆக்கிவிட்டார்கள். பரீட்சைத் தாள் திருத்தும் ஆசிரியர்கள் கவனிக்கவும்.) மரம் அதிகம் கிடையாது. காற்றும் மழையும் உண்டு, சுற்றிலும் அட்லாண்டிக் கடல்.

கி.பி. 563இல் அயர்லாந்திலிருந்து கொலும்பா என்ற துறவி பன்னிரண்டு தோழர்களோடு அங்கே வந்து மடம் அமைத்தார். அந்தச் சின்ன இடத்திலிருந்துதான் ஸ்காட்லாந்துக்கும் வட இங்கிலாந்துக்கும் கிறிஸ்தவம் பரவியது. 635இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போன எய்டன் ஐயோனாவின் துறவிதான். டப்ளினில் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களே கெல்ஸ் நூல், அந்தச் சித்திர ஏடும் ஐயோனாவில் எழுதத் தொடங்கப்பட்டது என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். பிறகு வைக்கிங் கொள்ளையர்கள் வந்தார்கள். முதல் தாக்குதல் 795இல். 806இல் வந்தபோது 68 துறவிகளைக் கொன்றார்கள்.

1200ஆம் ஆண்டு வாக்கில் பெனடிக்ட் சபைத் துறவிகள் அதே இடத்தில் கல்லால் ஒரு பெரிய மடம் கட்டினார்கள். 1560இல் ஸ்காட்லாந்தில் சமயச் சீர்திருத்தம் நடந்தது. மடங்கள் மூடப்பட்டன. கூரை போனது, பிறகு சுவர்கள் சரிந்தன. 1773இல் டாக்டர் ஜான்சன் அங்கே போனபோது அவர் பார்த்தது இடிபாடுகளைத்தான். நிலத்துக்குச் சொந்தக்காரரான ஆர்கைல் கோமகன் 1899இல் இந்த இடிபாடுகளை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். எந்தக் கிறிஸ்தவ சபையினரும் அங்கே வழிபடலாம் என்று இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அறக்கட்டளை 1902இல் தொடங்கி 1910க்குள் ஆலயத்தை மட்டும் பழுது பார்த்துக் கூரை போட்டுவிட்டது. துறவிகள் உண்ட கூடம், உறங்கிய அறைகள், கூடிப் பேசிய மண்டபம், நடுவிலிருந்த தூண் வரிசை நடைகூடம் எல்லாம் அப்படியே கிடந்தன. கோயில் இருந்தது, ஆனால் சுற்றி யாரும் குடியில்லை. அடுத்த கால் நூற்றாண்டுக்கு மேல் நிலைமை அதுதான்.

இனி ஆள் யார் என்று பார்ப்போம்.

ஜார்ஜ் மக்லவுட் 1895இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். வசதியான குடும்பம். பரம்பரையாகக் குருமார்கள். தாத்தா நார்மன் மக்லவுட் விக்டோரியா ராணியின் அரண்மனைக் குருவானவர்களில் ஒருவர். 1867இல் இங்குள்ள மிஷன் பணிகளைப் பார்வையிட இந்தியாவுக்கு வந்து போய், அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியவர். பேரன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். முதல் உலகப் போரில் அதிகாரியாகச் சண்டை போட்டு, வீரத்துக்காக பிரிட்டிஷ் பதக்கமும் பிரெஞ்சுப் பதக்கமும் வாங்கினார். போர் முடிந்து திரும்பியதும் குருத்துவப் படிப்பு. எடின்பரோவில் பெரிய மனிதர்கள் வரும் ஆலயத்தில் பிரசங்கியார். ரேடியோவிலும் பேசினார். பேச்சைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. இப்படியே போயிருந்தால் சௌகரியமாகப் போயிருக்கும்.

1930இல் அவர் கிளாஸ்கோவின் கோவன் பகுதிக்கு மாறிப் போனார். கோவன் என்றால் கப்பல் கட்டும் தொழிலாளர்களின் பேட்டை. உலகமெல்லாம் பொருளாதார மந்தம் அப்போது தொடங்கியிருந்தது. கிளைடு ஆற்றங்கரை முழுக்கக் கப்பல் தளங்கள், வேலை மட்டும் இல்லை. அதே ஆற்றில் கொஞ்சம் கீழே, கிளைட்பேங்கில், பின்னாளில் 'குயீன் மேரி' என்று பேர் வாங்கிய பிரம்மாண்டமான கப்பல் 1931 டிசம்பரில் பாதியில் நிறுத்தப்பட்டு, 1934 ஏப்ரல் வரை துருப்பிடித்து நின்றது. அந்த எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் தெருவில் நின்றார்கள். நல்ல கைத்தொழில் தெரிந்தவர்கள். தச்சர், கொல்லர், ரிவெட் அடிப்பவர். மூன்று வருஷம் சும்மா இருந்தால் மனுஷன் என்ன ஆவான் என்பது நம் ஊரில் மில் மூடியபோது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மக்லவுட் தெருமுனையில் நின்று பேசுவார். ஒருமுறை வேலையில்லாத ஒருவர் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்துச் சபையை வெளுத்து வாங்கினார். பிறகு கொஞ்ச நாளில் அதே மனிதர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் சாகக் கிடக்கிறார். கிடைத்த உதவித் தொகையை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, தான் சரியாகச் சாப்பிடாமல் இருந்து உடம்பு போய்விட்டது. மக்லவுட் இந்தச் சம்பவத்தைப் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இதை ஒரு திருப்பம் என்றே சொல்கிறார்கள். சபை பேசும் மொழி ஒன்று, இந்த மனிதர்கள் பேசும் மொழி வேறு என்பது அவருக்கு உறைத்தது. பிரசங்கத்தைச் சுருக்கினால் சரியாகிவிடும், பாட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்ற அளவில் தீரும் விஷயம் இல்லை அது.

முதலில் சின்ன அளவில் செய்து பார்த்தார். கிளாஸ்கோவுக்கு வெளியே ஃபிங்கல்டன் என்ற இடத்தில் பாழடைந்த ஆலை ஒன்று இருந்தது. வேலையில்லாத கோவன் ஆட்களைக் கொண்டே அதைப் பழுது பார்த்து, அவர்கள் வந்து தங்கும் இடமாக்கினார். அங்கேதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சும்மா நின்றவன் கையில் உளி வந்ததும் பேச ஆரம்பிக்கிறான். பக்கத்தில் நின்று வேலை செய்கிற குருவானவரிடம் வேறு மாதிரி பேசுகிறான். ஞாயிற்றுக்கிழமைக் கும்பிடு அல்ல, சண்டை போடுகிற பேச்சு.

1938இல் அவர் கோவன் ஆலயப் பொறுப்பை விட்டார். அந்த நாளில் அது சின்ன விஷயமில்லை. நிலையான சம்பளம், வீடு, பேர் எல்லாம் போயிற்று. ஐயோனா மடத்தின் குடியிருப்புப் பகுதியைத் திரும்பக் கட்டுவது என்பது அவர் திட்டம். ஆள் எப்படி? ஒரு பக்கம் வேலையில்லாத கைவினைஞர்கள். இன்னொரு பக்கம் குருத்துவப் படிப்பு முடித்து, அடுத்துப் பெரிய நகரங்களின் ஏழைப் பகுதிகளுக்குப் போகவிருக்கும் இளைஞர்கள். கொத்தனாரும் தச்சரும் மேஸ்திரிகள். பட்டம் வாங்கிய குருமார் கையாட்கள். கல் சுமப்பது, மண் வெட்டுவது, கலவை போடுவது எல்லாம் இவர்கள் பாடு. கைவினைஞர்களுக்குக் கூலி உண்டு. அவர்களுக்கு அது தர்மமல்ல, வேலை. கோடையில் தீவில் வேலை, குளிர்காலத்தில் இளம் குருமார் நகரங்களில் ஊழியம். இரண்டு வருஷ ஒப்பந்தம். இதற்கு 'ஐயோனா சமூகம்' என்று பெயர் வைத்தார். அந்த வருஷமே 'தி கோரக்கிள்' என்று ஒரு பத்திரிகையும் தொடங்கினார்கள். கோரக்கிள் என்றால் தோல் போர்த்திய பரிசல். கொலும்பா அப்படிப்பட்ட படகில்தான் வந்தார் என்பது மரபு.

பணம்? அதுதான் ரசமான கதை. மக்லவுட் சர் ஜேம்ஸ் லித்கோவிடம் போனார். லித்கோ பெரிய கப்பல் கட்டும் முதலாளி. அதோடு, மந்தக் காலத்தில் 'மிகை'யான கப்பல் தளங்களை விலைக்கு வாங்கி மூடுவதற்காக முதலாளிகள் சேர்ந்து அமைத்த கம்பெனிக்குத் தலைவரும் அவர்தான். அதாவது, யாருக்காக மக்லவுட் பணம் கேட்கிறாரோ அவர்களில் பலருடைய வேலை போனதற்கு இவருக்கும் பங்கு உண்டு. அந்தச் சமயத்தில் மக்லவுட், முன்னாள் போர்வீரர், எந்தப் போரும் வேண்டாம் என்ற கொள்கைக்கு வந்திருந்தார். லித்கோ கேட்டாராம்: பணம் தருகிறேன், அந்தச் சமாதானப் பேச்சை விட்டுவிடுவீர்களா? மாட்டேன் என்று பளிச்சென்று சொன்னாராம் இவர். அப்படியானால் தருகிறேன் என்று 5,000 பவுன் கொடுத்தார் லித்கோ. விலைக்குப் போகிற ஆளா என்று பார்த்திருக்கிறார். இந்தக் கதையைப் பலரும் மெச்சிச் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. தளத்தை மூடியவரின் பணத்தில் மடத்தைத் திறக்கலாமா? கோவன் தொழிலாளி ஒருவர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? மக்லவுட்டுக்கு அந்தக் கேள்வி தெரியாமல் இருந்திருக்காது. வாங்கிக்கொண்டார். அறக்கட்டளைக்காக உண்டியல் தூக்கிய அனுபவமுள்ள நம் சங்கப் பொருளாளர்கள் அவரைக் கோபிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

1938 கோடையில் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் தீவுக்குப் போனார்கள். தங்க இடமில்லை. முதலில் தங்களுக்கு மரக் குடிசைகள் போட்டுக்கொண்டார்கள். பிறகு வேலை தொடங்கியது. இயன் லிண்ட்சே என்ற கட்டடக் கலைஞர் வரைபடம் கொடுத்தார். பழைய சுவர்களில் பெரும்பகுதி மல் தீவின் இளஞ்சிவப்புக் கருங்கல். இடிந்து கிடந்த கல்லைப் பொறுக்கி, பழைய அடித்தளத்தின் மேலேயே சுவரை எழுப்பினார்கள். தீவு என்பதால் ஆணி முதற்கொண்டு எல்லாமே படகில் வர வேண்டும். கடல் கோபித்துக்கொண்டால் வேலை நின்றது.

படித்தவர்கள் அங்கே என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று எனக்குக் கற்பனை செய்ய முடிகிறது. கிரேக்கமும் எபிரேயமும் படித்த பையன், கலவையில் தண்ணீர் எவ்வளவு விடுவது என்று தெரியாமல் நிற்பான். கொத்தனார் கரணையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான் மக்லவுட் அவ்வளவு தூரம் அழைத்துக்கொண்டு போனார். நாளைக்கு அந்தப் பையன் கிளாஸ்கோ சேரியில் ஓர் ஆலயத்துக்குப் பொறுப்பேற்பான். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் இந்தக் கொத்தனார் மாதிரி ஆட்கள். அவர்களுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று ஒரு கோடை முழுக்க நிரூபணமான பிறகு அவன் பேசுகிற பேச்சு வேறாக இருக்கும்.

இதில் நம்பிக்கைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சுவர் கட்டக் கடவுள் வேண்டுமா? மக்லவுட்டின் எண்ணத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இயேசு தச்சருடைய வீட்டில் வளர்ந்தவர். கடவுள் மனித உடம்பெடுத்து வந்தார் என்று நம்புகிறவனுக்கு உடம்பு செய்யும் வேலை தாழ்ந்ததாக இருக்க முடியாது. ஆவிக்குரியது, உலகத்துக்குரியது என்று வாழ்க்கையை இரண்டாகக் கிழித்து, ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்றதை ஆறு நாளுக்கும் கொடுத்துவிட்டதுதான் சபை செய்த தவறு என்பது அவர் கட்சி. அரசியல், கூலி, வீட்டு வாடகை, ரொட்டி விலை எல்லாம் ஜெபத்துக்குள் வர வேண்டும் என்றார்.

அதை அவர் பேசியதோடு நிறுத்தவில்லை. வழிபாட்டு ஒழுங்கிலேயே செய்து காட்டினார். காலையில் ஆலயத்தில் எல்லாரும் கூடுவார்கள். வழக்கமாக ஆராதனை முடிவில் குருவானவர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவார், ஜனங்கள் உட்கார்ந்து மௌனமாக ஜெபித்துவிட்டுக் கலைவார்கள். ஐயோனாவில் காலை ஆராதனைக்கு முடிவு ஆசீர்வாதம் கிடையாது. கடைசி வாசகம் ஆனதும் நின்றவாக்கில் அப்படியே வெளியே நடந்து வேலைக்குப் போய்விடுவார்கள். ஆராதனை முடியவில்லை, சாரத்தின் மேல் தொடர்கிறது என்று பொருள். ஆசீர்வாதம் ராத்திரி ஆராதனைக்குப் பிறகுதான். நடுவில் கல் தூக்கியதும், சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்ததும், சண்டை போட்டதும் எல்லாமே ஆராதனைக்குள் அடக்கம். நான் படித்ததிலேயே என்னை மிகவும் நிறுத்தி வைத்த விவரம் இதுதான். எவ்வளவு எளிய மாற்றம் பாருங்கள், ஒரு வரியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வருஷமே இரண்டாம் உலகப் போர். வேலையில்லாத் திண்டாட்டம் ஒரே அடியாக மறைந்துவிட்டது. கப்பல் தளங்களுக்கு ஆள் போதவில்லை. வேலையற்றவர்களுக்காக என்று தொடங்கிய காரியத்துக்கு வேலையற்றவர்களே இல்லை. ராணுவத்துக்கு வேண்டும் என்று மரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. நிறுத்திவிடுங்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். மக்லவுட் நிறுத்தவில்லை.

அந்தச் சமயம்தான் மரம் வந்தது. கனடாவிலிருந்து வந்த ஒரு கப்பல் புயலில் சிக்கி, தளத்தில் ஏற்றியிருந்த மரத்தைக் கடலில் தள்ளிவிட்டது. அது மிதந்து வந்து ஐயோனாவுக்கு எதிரே மல் தீவின் கரையில் ஒதுங்கியது. தேவைப்பட்ட நீளத்துக்கே இருந்ததாம். அதைக் கொண்டு கூரை போட்டார்கள். மக்லவுட் இந்தக் கதையைச் சொல்லாத மேடையே கிடையாது. இதைத் தற்செயல் என்று சொல்பவர்களைக் கேலி செய்வதும் அவர் வழக்கம். எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. போர்க்காலக் கடலில் மரம் மிதந்தது என்றால் அங்கே சில மாலுமிகளின் உயிரும் ஊசலாடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. ஸ்காட்லாந்து திருச்சபை சீர்திருத்த மரபில் வந்தது. மடம், துறவி என்றாலே அதற்கு ஆகாது. நானூறு வருஷத்துக்கு முன் மூடியதை இந்த மனுஷன் திறக்கிறானே என்று ஒரு கூட்டம். தொழிலாளிகள், சமாதானம் என்று பேசுவதால் கம்யூனிஸ்டு என்று இன்னொரு கூட்டம். ரோமாபுரிக்குப் பாதி வழியும் மாஸ்கோவுக்குப் பாதி வழியும் போய்விட்டவர் என்று ஒரே வாயில் இரண்டு பழியும் சொன்னார்கள். போர்க் காலத்தில் சமாதானக் கொள்கையுடைய பிரசங்கிகளை பி.பி.சி. ரேடியோவில் பேச விடவில்லை. மக்லவுட்டும் அந்தத் தடையில் சேர்ந்தார். 1951இல்தான் திருச்சபை ஒரு குழு அமைத்து ஐயோனா சமூகத்தை முறையாகத் தன் குடையின் கீழ் கொண்டுவந்தது. 1957இல் அதே திருச்சபை அவரைத் தன் பொதுப் பேரவையின் தலைவராக்கியது. உலகம் இப்படித்தான்.

கட்டட வேலை 1938இல் தொடங்கி 1965இல் முடிந்தது. இருபத்தேழு வருஷம். முதலில் வந்த இளைஞர்கள் நரைத்துவிட்டார்கள். வருஷா வருஷம் புது ஆட்கள், கோடையில் பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று தொண்டர்கள் வந்தார்கள், போனார்கள். நிலையாக இருந்து சுவரை நேராக வைத்தவர்கள் கைவினைஞர்கள்தான்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மலர் என்றால் பாராட்டு மட்டும் எழுத வேண்டும் என்று ஒரு பழக்கம் நமக்கு உண்டு. குருவும் தொழிலாளியும் சமம் என்று தொடங்கிய இயக்கத்தில், காலப்போக்கில் பேசியவர்கள், எழுதியவர்கள், தலைமை தாங்கியவர்கள் பெரும்பாலும் குருமார்களே. புத்தகங்களில் அவர்கள் பெயர் இருக்கிறது. எந்த வளைவை எந்தக் கொத்தனார் கட்டினார் என்று தேடினால் எளிதில் கிடைக்காது. ஆயிரத்து இருநூறாம் ஆண்டில் கட்டியவன் பெயரும் இல்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் கட்டியவன் பெயரும் பெரும்பாலும் இல்லை. பெண்கள் விஷயம் இன்னும் மோசம். ஆரம்பத்தில் அது முழுக்க ஆண்கள் கூட்டம். மனைவிமார் பல வருஷம் வெளி ஆட்கள் மாதிரிதான். 1967இல் மக்லவுட் தலைமைப் பொறுப்பை விட்ட பிறகு, 1969இல்தான் பெண்கள் முழு உறுப்பினராகச் சேர முடிந்தது. எல்லாரையும் ஒரே சாரத்தில் ஏற்றுவேன் என்றவருக்குப் பாதிப் பேர் கீழே நிற்பது முப்பது வருஷம் தெரியவில்லை. பெரியவர்களுக்கும் கண்ணில் ஓர் இருட்டு மூலை இருக்கிறது.

கட்டடம் முடிந்த அன்று இன்னொரு சிக்கலும் எழுந்தது. சுவர் கட்டத்தான் கூடினோம், சுவர் முடிந்துவிட்டது, இனி எதற்குக் கூட வேண்டும்? நல்லவேளை, சுவர் மட்டுமே நோக்கம் என்று அவர்கள் முதலிலிருந்தே நினைக்கவில்லை. உறுப்பினர்களுக்கு ஒரு விதிமுறை உண்டு, இன்றும் உண்டு. தினசரி ஜெபமும் வேத வாசிப்பும், நீதிக்கும் சமாதானத்துக்கும் உழைப்பு, ஒருவரையொருவர் சந்திப்பது. இவற்றோடு, நேரத்தையும் பணத்தையும் எப்படிச் செலவழிக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்வது. வங்கிக் கணக்குப் புத்தகத்தைச் சக உறுப்பினர்களின் சிறு குழுவில் விரித்து வைத்துப் பேசுவது. ஜெபம் செய்யச் சொன்னால் நாம் எல்லாரும் தயார். சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னால் எத்தனை பேர் மிஞ்சுவோம்? கல் சுமந்ததைவிட இது கஷ்டம் என்று எனக்குப் படுகிறது.

நடுவிலுள்ள நடைகூடத்தில் பழைய தூண்கள் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருந்தன. புதுத் தூண்களின் தலைப்பகுதியில் செதுக்க வேண்டிய வேலை அப்படியே கிடந்தது. அதை 1960களில் தொடங்கி ஏறத்தாழ முப்பது வருஷம் ஒரு சிற்பி கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினார். ஸ்காட்லாந்தின் பறவைகள், செடிகொடிகள், வேதாகமக் காட்சிகள். நடைகூடத்தின் நடுவில் ஜாக் லிப்ஷிட்ஸ் என்ற யூதச் சிற்பியின் வெண்கலச் சிலை ஒன்றும் 1959 முதல் நிற்கிறது.

மக்லவுட்டுக்கு 1967இல் பிரபுப் பட்டம் கொடுத்தார்கள். அணுஆயுதத்தை எதிர்த்துக் கடைசிவரை பேசினார். 1989இல் சமயப் பணிக்கான டெம்பிள்டன் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1991 ஜூனில், 96 வயதில் காலமானார். 2000 முதல் மடத்தின் பராமரிப்பு ஸ்காட்லாந்து அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. ஐயோனா சமூகம் மடத்தின் குடியிருப்பை நடத்துகிறது. கடல் காற்றும் உப்பும் மழையும் சும்மா இருக்குமா? மக்லவுட் காலத்துக் குழாயும் கூரையும் வெப்ப ஏற்பாடும் பழுதாகி, பல லட்சம் பவுன் திரட்டி மறுபடியும் புதுப்பித்து 2021இல் திறந்தார்கள். அங்கே தங்கப் போகிறவர்கள் இன்றும் ஹோட்டல் விருந்தாளி மாதிரி இருக்க முடியாது. காய் நறுக்குவது, பாத்திரம் துலக்குவது, கழிப்பறை கழுவுவது என்று ஆளுக்கொரு வேலை உண்டு. காலை ஆராதனை முடிவில் இன்றும் உட்காருவதில்லை.

நம் பழைய மாணவர்களில் பலர் இன்று இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வழி சொல்லிவிடுகிறேன். கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் ஓபன் என்ற துறைமுகம். அங்கிருந்து கப்பலில் மல் தீவின் கிரெய்க்னூர். பிறகு பஸ்ஸில் தீவின் மறுகோடி, ஃபியனஃபோர்ட். அங்கிருந்து சின்னப் படகு, பத்து நிமிஷம். வெளியாட்கள் காரைக் கொண்டுபோக அனுமதி கிடையாது, நடக்க வேண்டும். கெட்டியான ஸ்வெட்டரும் மழைக் கோட்டும் அவசியம். யாராவது போய் வந்தால் ஒரு வேலை செய்யுங்கள். ஏதாவதொரு சுவர் மூலையில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.